76 மூட்டை நெல்லும் ஒரு கைப்பேசியும்

(நம் அறக்கட்டளையின் மகாவீரர் திருப்பிறப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே! நீங்கள் தலைகுனிந்திருப்பது நாணத்தால் அன்று என்பதை நான் அறிவேன்.

ஆண்டுதோறும் இம்மேடையில் எனக்கு இலக்கியத் தலைப்பு ஒன்றைத் தருவது வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் வேறொன்றைத் தந்தார். "ஐயா, வீட்டுக்கு வீடு இதே வழக்காக இருக்கிறது. பிள்ளைகள் ஒன்றேகால் இலட்சம், ஒன்றரை இலட்சம் என்று கைப்பேசி கேட்கிறார்கள். பெற்றோர் எங்களிடம் வந்து வருந்துகிறார்கள். விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. அந்த விலைக்கு அது தகுமா தகாதா என்று நீங்கள் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். நான் பிள்ளைகளைக் கடிந்துகொள்வேன் என்று எதிர்பார்த்தே கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சென்ற ஆண்டு கேட்டிருந்தால் அவ்வாறே செய்திருப்பேன். இடையில் என் வீட்டிலேயே அவ்வழக்கு எழுந்தது. நானே நடுவராக அமர்ந்தேன். பாதி வழக்கில் நான் தோற்றேன். ஆகவே அந்த வழக்கையே இங்கு எடுத்துரைக்கிறேன்.

முதலில் சொல். தமிழாசிரியன் அதை விட முடியாது. கைப்பை, கைக்குட்டை, கைக்கடிகாரம் போலக் கைப்பேசியும் ஒற்று மிகுந்தே வரும். விளம்பரப் பலகைகள் எப்படி எழுதினாலும் நீங்கள் அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை வெளியிடும் உச்ச விலைக் கைப்பேசியை ஆங்கிலத்தில் கொடிக்கப்பல் என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். கடற்படையில் தலைவன் ஏறிச் செல்லும் கலத்தில் அவனுடைய கொடி பறக்கும், அதனால் அப்பெயர். ஒரு படையில் அத்தகைய கலம் ஒன்றுதான் இருக்கும். மற்ற கலங்களும் அதே கடலில்தான் செல்கின்றன, அதே துறையைத்தான் சென்றடைகின்றன. இந்தப் பெயரை வைத்தவர்கள் நம்மிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் ஆளுக்கொரு கொடிக்கப்பல் கேட்கிறோம்.

இனி வழக்குக்கு வருகிறேன். என் மகள்வயிற்றுப் பேத்தி பொறியியல் முடித்துச் சென்னையில் முதல் வேலையில் சேர்ந்தாள். மறைந்த என் துணைவியார், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அவள் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாக ஒன்றரை இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அது முதிர்ந்த மாதத்தில் பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா, பாட்டி பணத்தில் போன் வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். எது என்றேன். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 புரோ என்றாள். விலை ரூ.1,34,900.

பணம் அவளுடையது. என்னைக் கேட்காமலே எடுத்திருக்கலாம். கேட்டாள் என்பதனாலேயே நான் சினந்து பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, கணக்குப் போட்டுக் காட்டு என்று மட்டும் சொன்னேன். நான் உழவர் குடும்பத்தில் பிறந்தவன். எப்பொருளின் விலையையும் நெல் மூட்டையாக மாற்றிப் பார்ப்பது என் தந்தையாரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆகவே நானே தொடங்கி வைத்தேன். "மைய அரசு 2025-26ஆம் பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,369. 75 கிலோ மூட்டை ரூ.1,777 என்று வை. உன் கைப்பேசி ஏறக்குறைய 76 மூட்டை நெல். ஏக்கருக்கு 25 மூட்டை கண்டாலும், மூன்று ஏக்கர் நன்செய்யின் ஒரு போக விளைச்சல் முழுவதும் உன் சட்டைப்பையில் இருக்கும். அதிலும் உழவுக்கூலி, உரம், அறுவடைச் செலவு எதையும் நான் கழிக்கவில்லை."

வழக்கு முடிந்தது என்று எண்ணினேன். அவள் சற்று நேரம் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "விலை ஏறிவிட்டது என்றுதானே எல்லாரும் சொல்கிறீர்கள் தாத்தா? 2017 நவம்பரில் ஐபோன் எக்ஸ் இங்கே ரூ.89,000. அந்த ஆண்டு நெல்லுக்கு ஆதரவு விலை ரூ.1,550. வகுத்துப் பாருங்கள்" என்றாள். வகுத்தேன். 76 மூட்டை, இன்னும் ஓர் அரை மூட்டை. எட்டு ஆண்டில் உருபாக் கணக்கில் ரூ.45,900 ஏறியிருக்கிறது, என் சொந்த அளவையான நெல்லில் அரை மூட்டை இறங்கியிருக்கிறது!

நான் வாயடைத்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017இல் ஐபோன் எக்ஸ்தான் உச்சி. இன்று புரோ என்பதற்கு மேல் புரோ மேக்ஸ் என்று ஒரு படி உண்டு. 2025இல் அதன் விலை ரூ.1,49,900, அதாவது 84 மூட்டை. உச்சியின் விலை ஏறுவது ஒரு வகை. உச்சிக்கு மேல் புதிதாக ஓர் உச்சி கட்டப்படுவது இன்னொரு வகை. பின்னது நம் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை.

விலை ஏன் ஏறியது என்று பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 2017இல் ஐபோன் எக்ஸ் அமெரிக்காவில் 999 டாலர். அதன் வழியில் வந்த புரோ வகையின் தொடக்க விலை 2023இல் ஐபோன் 15 புரோ வரை அதே 999 டாலர். ஆறு ஆண்டு அசையவில்லை. இங்கோ அதே காலத்தில் ரூ.89,000 என்பது ரூ.99,900 ஆகி, ரூ.1,19,900 ஆகி, ரூ.1,34,900 ஆயிற்று. விற்பவன் அங்கே ஏற்றாத விலை இங்கே எப்படி ஏறியது? ஒரு காரணம் உருபா. 2017 இறுதியில் டாலர் ரூ.65 அளவில் இருந்தது. 2023 செப்டம்பரில் ரூ.83 அளவுக்கு வந்தது. மற்றொரு காரணம் வரி. வெளிநாட்டிலிருந்து வரும் கைப்பேசிக்கு 2017 ஜூலையில் 10 விழுக்காடாக விதிக்கப்பட்ட சுங்கவரி, அவ்வாண்டு டிசம்பரில் 15 ஆகி, 2018 பிப்ரவரியில் 20 ஆயிற்று. 2020 ஏப்ரலில் சரக்கு சேவை வரி 12இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. 2025 செப்டம்பரில் பல பொருள்களுக்கு அவ்வரி குறைக்கப்பட்டபோதும் கைப்பேசிக்கு 18 விழுக்காடே நீடித்தது. பேத்தி கேட்ட ரூ.1,34,900இல் ஏறக்குறைய ரூ.20,500 அந்த வரி மட்டுமே. கைப்பேசிக்குள் இருக்கும் எந்த நுட்பத்துக்கும் அத்தொகைக்கும் தொடர்பில்லை.

விலை இறங்கியதும் ஒருமுறை உண்டு. 2024 ஜூலையில் சுங்கவரி மீண்டும் 15 ஆக்கப்பட்டது. புரோ வகையையும் இந்தியாவிலேயே பொருத்தத் தொடங்கினார்கள். அவ்வாண்டு ஐபோன் 16 புரோ ரூ.1,19,900க்கு வந்தது, முந்தைய ஆண்டைவிட ரூ.15,000 குறைவு. மறு ஆண்டு 17 புரோ பழையபடி ரூ.1,34,900. ஆனால் இம்முறை தொடக்க நினைவகம் 128 ஜிபி அன்று, 256 ஜிபி. 16 புரோவில் 256 ஜிபி வேண்டியவர் ரூ.1,29,900 கொடுத்திருப்பார். ஆக உண்மையான ஏற்றம் ரூ.5,000. சிறிய அளவை நிறுத்திவிட்டுப் பெரிய அளவிலிருந்து கடை விரிப்பதும் விலையேற்றத்தின் ஒரு வழிதான். படி அளவை நீக்கிவிட்டு மரக்காலில்தான் விற்பேன் என்றால், படி போதுமானவனும் மரக்காலுக்குக் காசு கொடுக்க வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு எழும். நம் காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துப் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் நிறுவனப் பேருந்தில் ஏறித் திருப்பெரும்புதூர்ப் பகுதி ஆலைகளுக்குப் போகிறார்கள். 2006இல் நோக்கியா ஆலை அங்கே தொடங்கியதும் 2014இல் மூடப்பட்டதும் நமக்கு நினைவிருக்கிறது. இன்று அப்பகுதியில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. நம் வாசலிலேயே செய்யும் பொருள் நமக்கு ஏன் இந்த விலை? பொருத்தும் கூலி அந்த விலையில் மிகச் சிறு பங்கு. விலையின் பெரும்பகுதி சில்லு, திரை, நிழற்படக் கருவி ஆகியவற்றில் இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருகின்றன. மிக நுண்ணிய சில்லுகளைச் செய்ய உலகில் ஓரிரு நிறுவனங்களே வல்லன. 2025 இறுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பதால் அவற்றின் விலையும் ஏறிவருகிறது. ஆகவே விலை இனி இறங்கும் என்று காத்திருப்பவர் நெடுநாள் காத்திருக்க நேரலாம். ஐபோன் மட்டும் அன்று; சாம்சங்கின் எஸ்24 அல்ட்ராவும் எஸ்25 அல்ட்ராவும் தலா ரூ.1,29,999க்குத்தான் வந்தன.

சரி, 76 மூட்டைக்கு என்ன கிடைக்கிறது?

நம் வீடுகளில் கைப்பேசி செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசுகிறோம். வாட்ஸ்அப்பில் ஜினாலய அபிடேக அறிவிப்பு வருகிறது. பால்காரருக்கும் மருந்துக்கடைக்கும் பணம் அனுப்புகிறோம். தொடர்வண்டிச் சீட்டு எடுக்கிறோம். இவற்றை ரூ.20,000 கைப்பேசி குறைவறச் செய்கிறது. இவ்வேலைகளில் விலையுயர்ந்ததற்கும் இதற்கும் வேறுபாடு காண்பவர் என்னிடம் வந்து காட்டலாம். விரைவு, விரைவு என்கிறார்கள். ஐம்பது ரூபாய் அனுப்பும்போது நேரம் ஆவது பெரும்பாலும் வங்கியின் வழியில்தான். கையில் உள்ள சில்லினால் அன்று.

இதை நான் சொல்லி முடித்ததும் பேத்தி தன் பழைய கைப்பேசியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். எங்கள் ஊர் ஜினாலயத்தில் மாலை விளக்கொளியில் அவள் பாட்டி கைகூப்பி நிற்கும் படம். முகம் எங்கே, கை எங்கே என்று தெரியாமல் மஞ்சளாகக் கலைந்திருந்தது. "பாட்டி சிரிக்கிற படம் தெளிவாக ஒன்றுகூட இல்லையே தாத்தா. அன்றைக்கு நல்ல போன் இருந்திருந்தால்…" என்றவள் மேலே பேசவில்லை.

இதற்கு நான் மறுமொழி சொல்லியாக வேண்டும். அதுவும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நல்ல வெயிலில் எடுத்த படத்தை ஒரு கையகலத் திரையில் பார்த்தால் இருபதாயிரத்துக்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். விளக்கொளியில் அப்படி அன்று. ஒளியை வாங்கும் தகடு பெரியதாக இருந்தால்தான் மங்கிய ஒளியில் முகம் துலங்கும். அந்தத் தகடு, அதற்கேற்ற கண்ணாடி வில்லை, கை நடுக்கத்தைச் சமன் செய்யும் நுண்பொறி, பல படங்களை நொடியில் ஒன்றாக்கும் சில்லு ஆகிய அனைத்துக்கும் காசு வேண்டும். தொலைவில் இருப்பதை அண்மையில் காட்டும் தனி வில்லையும் அப்படியே. உயர்விலைக் கைப்பேசி மெய்யாகவே மேம்பட்டு நிற்கும் இடம் இதுதான். இதில் பேத்தியின் பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்றை அன்றுதான் நான் சொன்னேன். பாட்டி சிரிக்கும் படங்கள் இருந்தன. என் கைப்பேசியில் இருந்தன. ரூ.9,000க்கு வாங்கிய கைப்பேசி அது. அவர் நோயுறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், கிணற்றடியில், திண்ணையில், பூத்தொடுக்கும்போது என்று நான் எடுத்தவை. அவர் மறைந்த மூன்றாம் மாதம், ஒரு மழைநாளில் அதன் திரை கறுத்தது. பழுது பார்க்கும் கடையில் உள்ளே இருக்கும் தட்டே போய்விட்டது, எதையும் மீட்க முடியாது என்றார்கள். இன்னொரு கடைக்குப் போனேன். அங்கும் அதையே சொன்னார்கள். மலிவானதை வாங்கியதால் வந்த வினை என்று நெடுநாள் என்னை நானே நொந்துகொண்டேன். உயர்ந்த விலைக் கைப்பேசிகள் நீரைத் தாங்கும் வகையில் செய்யப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் தொலைந்துபோவதையும் களவு போவதையும் எந்த விலையும் தடுக்காது. அப்படங்களின் ஒரு படியை மகளின் கணினியில் ஏற்றி வைத்திருந்தால் போதும். ஒரு காசு செலவில்லை. நான் செய்யவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதைவிட, கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பதே சரி.

இங்கே அமர்ந்திருக்கும் என் வயதினர் இன்று வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த வேலையை முடித்துவிடுங்கள். தலைப்புக்குப் புறம்பானது என்றாலும், இவ்வுரையில் நான் சொல்ல வந்தவற்றுள் எனக்கு இதுவே பெரிது.

அடுத்து ஆண்டுக் கணக்கு. பேத்தியின் இரண்டாம் வாதம் வலுவானது. "மலிவானதை வாங்கினால் மூன்று ஆண்டில் மாற்ற வேண்டும் தாத்தா, இது ஏழு ஆண்டு வரும்" என்றாள். கைப்பேசி உடையாவிட்டாலும் அதற்கு ஆயுள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்து அனுப்புவதை நிறுத்திய பிறகு, கள்வர் நுழையும் ஓட்டைகள் அடைபடா. நாளடைவில் வங்கிச் செயலிகளும் அதில் இயங்க மறுக்கும். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2025 செப்டம்பரில்தான் புதிய பதிப்பு நின்றது; ஏழு ஆண்டு. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8இலும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசையிலும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்புக்கு உறுதி தந்தன. கூடுதல் விலைக்கு இதைப் போல் நல்ல காரணம் வேறில்லை என்று எனக்கும் தோன்றியது.

அப்படியானால் வகுத்துப் பார்ப்போம் என்றேன். ரூ.1,34,900ஐ ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு ரூ.19,271. ரூ.20,000 கைப்பேசியை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு ரூ.6,667. நெடுநாள் உழைக்கும் என்பதனாலேயே விலை ஈடாகிவிடாது. அதோடு, ஏழு ஆண்டு என்பது இன்று உச்ச விலைக்கு மட்டும் உரியதாக இல்லை. 2025இல் ரூ.49,999க்கு வந்த பிக்சல் 9ஏ-வுக்கும் அதே ஏழு ஆண்டு உறுதி உண்டு, ஆண்டுக்கு ரூ.7,143. 2024 அக்டோபரில் ஏறத்தாழ ரூ.19,000க்கு வந்த சாம்சங் ஏ16 5ஜி-க்கு ஆறு ஆண்டு, ஆண்டுக்கு ரூ.3,200கூட ஆகாது. ஆறாம் ஆண்டில் அதன் எளிய சில்லு புதிய மென்பொருளைச் சுமந்து மூச்சு வாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் ஏழு ஆண்டு வைத்திருப்போமா என்பது இன்னொரு கேள்வி. "நீ இப்போது வைத்திருப்பதை வாங்கி எத்தனை நாள் ஆயிற்று?" என்று பேத்தியைக் கேட்டேன். இரண்டரை ஆண்டு என்றாள். ஏன் மாற்ற வேண்டும் என்றேன். மாலைக்குள் மின்னேற்றம் தீர்ந்துவிடுகிறது என்றாள். பேட்டரி தேயும் பொருள்; சக்கரத்துக்கு டயர் போல. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததை ஒப்புக்கொண்டது. அதை வாங்கியவர்களிடம் சொல்லாததற்காக 2020இல் பிரான்ஸ் அரசின் நுகர்வோர் அமைப்பு அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. கைப்பேசியே கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியோர் எத்தனை பேரோ! பேட்டரி மட்டும் மாற்றியிருந்தால் பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து ஒரு விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது: 800 முறை மின்னேற்றிய பிறகும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு இருக்க வேண்டும், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுக்கு உதிரிப் பொருள்கள் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் விலைக்கு வரி விதிக்கும் அக்கறையில் ஒரு பங்கு இதிலும் காட்டினால் நன்று.

தவணை பற்றி ஒரு சொல். பேத்தியிடம் பாட்டியின் பணம் இருந்தது, இல்லாதவர்களே மிகுதி. வட்டியில்லாத் தவணை என்று கடை வாசலில் எழுதியிருக்கிறது. அப்படி ஒன்று இல்லை என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி வேறெங்கோ ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்குத் தரும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமல் போகலாம்; வட்டிப் பகுதிக்கு வரி வரலாம்; பதிவுக் கட்டணம் வரலாம். ரூ.1,34,900ஐ 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ரூ.5,621. இருபத்தைந்தாயிரம் சம்பளத்தில் சென்னையில் அறை வாடகையும் உணவும் போக அந்தத் தொகை யாருடைய பங்கிலிருந்து போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஊரில் இருக்கும் தாய் தந்தையர்க்கு அனுப்பும் பங்கிலிருந்து போகிறது. அதனால்தான் அவர்கள் நம் செயலாளரிடம் வந்து நிற்கிறார்கள்.

இந்த விழாவில் பேசுவதால் ஒன்றைத் தொட்டுச் செல்கிறேன். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொருள் வரைதல் ஒன்று என்பதைச் சிறுவயதிலேயே கற்றோம். நிலம், வீடு, வெள்ளி, பொன், ஆநிரை, தானியம், ஏவலர், ஆடை, பாண்டம் என்று அதற்குரிய பொருள்களை வகுத்திருக்கிறார்கள். கைப்பேசி இவற்றுள் எதில் அடங்கும் என்று பேத்தி விளையாட்டாகக் கேட்டாள். பாண்டத்தில் சேர்ப்பதா, ஏவலரில் சேர்ப்பதா என்று நானும் சற்றுத் திகைத்தேன்; ஏவுவது நாமா அதுவா என்ற ஐயமும் வந்தது. அந்த விரதத்தில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்று. இவ்வளவுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது எவருக்கும் எண் சொல்லவில்லை. அளவை நீயே வகுத்துக்கொள் என்கிறது. வகுத்ததைக் கடப்பதையே குற்றம் என்கிறது. நாமோ கடைக்குப் போய், விலையைப் பார்த்து, அதற்கேற்ப அளவை உயர்த்திக்கொள்கிறோம். பேத்தியிடம் இதைத்தான் கேட்டேன்: "இந்தக் கைப்பேசியை நீ பார்ப்பதற்கு முன், கைப்பேசிக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று எண்ணியிருந்தாய்?" அவள் கொஞ்ச நேரம் யோசித்து, "ஐம்பதாயிரம் தாத்தா" என்றாள்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, ரூ.50,000க்குள் அடங்கிய, ஏழு ஆண்டு உறுதியுள்ள ஒன்றை வாங்கி வந்தாள். அவள் கேட்டதைப் போல் தொலைவை அண்மையாக்கும் தனி வில்லை அதில் இல்லை. அந்தக் குறையை இன்றும் என்னிடம் சொல்லிக் காட்டுகிறாள். மீதிப் பணத்தைப் பாட்டி பெயர் சொல்லி மீண்டும் வைப்பில் போட்டுவிட்டாள். ஆனால் அவளோடு பணிபுரியும் தோழி ஒருத்தி, திருமண விழாக்களில் ஒளிப்படம் எடுத்து வார இறுதியில் பொருளீட்டுபவள், அதே 17 புரோவை வாங்கி நான்கு மாதத்தில் அதன் விலையில் பாதியை எடுத்துவிட்டாளாம். அவளிடம் நான் நெல் மூட்டைக் கணக்குச் சொல்லப் போவதில்லை. கொடிக்கப்பலில் ஏறிப் போருக்குப் போகிறவள் அவள். உடனே வேண்டும் என்ற அவசரமில்லாதவர்கள் செப்டம்பர் வரை பொறுக்கலாம், ரூ.79,900க்கு வந்த ஐபோன் 15உம் 16உம், அடுத்தது வந்த அன்றே ரூ.69,900 ஆயின.

என் கைப்பேசிக்கும் புதிய பேட்டரி போட்டுக்கொண்டேன். இவ்வுரையின் குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் ஊருக்கு வந்த பேத்தி, அதே ஜினாலயத்தில், அதே மாலை விளக்கொளியில், அவள் பாட்டி நின்ற இடத்தில் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். கைகூப்பி நிற்கிறேன். முகத்துச் சுருக்கம் ஒன்றுவிடாமல் துலங்குகிறது. "இவ்வளவு தெளிவு வேண்டுமா அம்மா?" என்றேன். அவள் பதில் சொல்லாமல், அந்தப் படத்தின் ஒரு படியைத் தன் அம்மாவுக்கும் இன்னொன்றைக் கணினிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.